பத்துப் பேர் இருக்கும் தோட்டத்து வீட்டில் குழந்தையை யார் பார்ப்பது?

டயப்பர் தீர்ந்துபோவது, பிடித்த பொம்மையை வீட்டிலேயே விட்டுவருவது, மாற்றுத் துணி போதாமல் அத்தை மகனின் சட்டையை மாட்டிவிடுவது, இதெல்லாம் தவறுகளில் சேர்த்தியே இல்லை. காங்கயத்திலும் கோபியிலும் தாராபுரத்திலும் கடை இருக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று வயதுக் குழந்தையோடு சனிக்கிழமை ஊருக்குப் போய் ஞாயிறு இரவு திரும்பும் புதுப் பெற்றோர்கள், பின்னால் சரிசெய்யவே முடியாத சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பெரும்பாலும் அவற்றைத்தான் பார்ப்போம்.

மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காருவது

"பக்கத்து ஊர்தானே, நான் பிடிச்சுக்கறேன்" என்பார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 10 கிலோ குழந்தை சுமார் 140 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னால் பாயும். எந்தக் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. ஏர்பேக் விரிந்தால் அதற்கும் பெரியவரின் நெஞ்சுக்கும் நடுவில் குழந்தை. பின்சீட்டில் குழந்தை இருக்கை மாட்டுங்கள். குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். இருக்கை தாங்கும் எடை, உயரம் வரை அப்படியே தொடர்வது இன்னும் நல்லது. தோள்பட்டை வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்க முடிந்தால் அது தளர்வு, இழுத்து இறுக்குங்கள்.

பைக்கில் போவதென்றால், 9 மாதம் முதல் 4 வயது வரை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் கட்டாயம், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்துக் கூட்டிப்போவதற்கு எந்தக் காரணமும் சமாதானம் ஆகாது.

தூங்கும் நேரத்தில் விருந்துக்குப் போய் இறங்குவது

மதியம் ஒரு மணிக்குத் தூங்கும் குழந்தையைப் பன்னிரண்டே முக்காலுக்குக் கூட்டத்தில் இறக்காதீர்கள். காலையிலேயே போய்ச் சேருங்கள். ஒரு நாளில் ஒரு வீடு போதும். மற்ற சொந்தங்களை அந்த வீட்டுக்கு வரச் சொல்லலாம்.

"வீடு நிறைய ஆள் இருக்காங்க"

இதைச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை, அதனால்தான் இந்தத் தவறு மற்ற எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுகிறது. டவுனில், பூட்டிய வீட்டுக்குள், அம்மா ஒருத்தி தனியாகப் பார்க்கும்போது குழந்தையைவிட்டுக் கண் அகலாது. தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இறங்கியதும் அம்மிச்சி, பெரியம்மா, சித்தப்பா, அத்தை என்று பத்துப் பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். "நீ போய் உக்காரு கண்ணு, நாங்க பாத்துக்கறோம்." அந்தப் பத்துப் பேரில் இப்போது, இந்த நிமிடம், பார்ப்பது யார் என்று யாரும் கேட்பதில்லை.

மதியம் இலை போட்டாயிற்று. குழந்தை அத்தையிடம் இருக்கிறான் என்று நினைத்து அம்மா சோற்றுப் போசியோடு வருகிறாள். அத்தை ரசம் எடுக்க உள்ளே போகும்போது அவனை மாமாவின் காலடியில் விட்டுப் போகிறாள். மாமாவுக்குப் போன் வருகிறது, எழுந்து வேப்பமரத்தடிக்கு நடக்கிறார். வாசலைத் தாண்டி இருபது அடியில் மாட்டுத்தொட்டி.

குழந்தை மூழ்க நாலு விரல் தண்ணீர் போதும். அந்த வயதில் உடம்பை ஒப்பிடத் தலை கனமானது. தொட்டி விளிம்பிலோ பக்கெட்டிலோ எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழுகிறது, கையை ஊன்றி எழும் பலம் கிடையாது. பாதி நிறைந்த பக்கெட் கனமாக இருப்பதால் சாயவும் சாயாது. சத்தமும் வராது, மூச்சு அடைபட்டபின் அழ முடியாது. ஓரிரு நிமிடங்களில் நினைவு போகும், நாலைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கத் தொடங்கும். "சத்தம் கேட்டா ஓடிடலாம்" என்று நம்பி உட்கார்ந்திருப்பது வீண்.

செய்ய வேண்டியது எளிது. பார்ப்பவர் எப்போதும் ஒரே ஒருவர், அவருடைய முறை 20 நிமிடம். கைமாற்றும்போது பேரைச் சொல்லி, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: "அத்தை, இனி நீங்க பாருங்க." "சரி சாமி, நான் பாத்துக்கறேன்." அந்தப் பதில் வராதவரை பொறுப்பு கைமாறவில்லை. முறையில் இருப்பவர் பரிமாறக் கூடாது, போன் எடுக்கக் கூடாது. எட்டு வயது அக்காவிடமும் கண்பார்வை மங்கிய அப்புச்சியிடமும் இந்த முறையைக் கொடுக்கக் கூடாது. இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று மருமகள்கள் தயங்குகிறார்கள். அப்படியென்றால் அந்த வீட்டுப் பிள்ளையான கணவன் கேட்கட்டும்.

காப்பி குடிக்கும் முன் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றுங்கள். மாட்டுத்தொட்டி, போர் தண்ணீர் விழும் தொட்டி, குளியலறைப் பக்கெட், சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, மூடி ஆடும் கழிவுநீர்த் தொட்டி. பக்கெட்டைக் கவிழ்த்து வைக்கலாம், சின்னத் தொட்டிக்குப் பலகையும் கல்லும் போதும். பண்ணைக்குட்டைக்கு விரித்த பிளாஸ்டிக் தாள் ஈரத்தில் வழுக்கும், இறங்கிய பெரியவரே கயிறில்லாமல் ஏற முடியாது. குட்டையோ, தண்ணீர் ஓடும் கீழ்பவானி வாய்க்காலோ அருகில் இருந்தால் வாசல் கேட்டைச் சாத்தித் தாழ் போடுங்கள்.

குழந்தையைக் காணோம் என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள், கட்டிலுக்கடியில் பிறகு தேடலாம். தண்ணீரிலிருந்து எடுத்து மூச்சில்லை என்றால் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் தப்பு. வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குப் போகும், நேரமும் போகும். மல்லாக்கப் படுக்கவைத்து, முதலில் வாயோடு வாய் வைத்து 5 முறை மூச்சு ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையால் 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. நெஞ்சு மூன்றில் ஒரு பங்கு அமிழ வேண்டும். அதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

தாத்தா பாட்டியின் மாத்திரை டப்பா

சர்க்கரை மாத்திரைகளில் கிளிமெபிரைடு வகை ஒன்றே ஒன்று போதும், குழந்தையின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அதுவும் பல மணி நேரம் கழித்து. "நல்லாத்தான் விளையாடறான்" என்று வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். சாமி அறைக் கற்பூரம் வலிப்பைக் கொண்டுவரும். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்த பூச்சிமருந்து, வேலியோர அரளி, காட்டாமணக்குக் கொட்டை, இவையும் கைக்கு எட்டக் கூடாது. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், உப்புத்தண்ணீர் கொடுக்காதீர்கள். பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அவர்கள் வீட்டுக் காய்ச்சல் மருந்து

பாரசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றும் 250 என்றும் இரண்டு வகையாக வருகிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100. கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் 10 கிலோ குழந்தைக்கு 150 வேண்டும். அது 125-இல் 6 மில்லி, 250-இல் 3 மில்லி, சொட்டு மருந்தில் 1.5 மில்லி. வழக்கமான 6 மில்லியை 250 பாட்டிலிலிருந்து ஊற்றினால் இரண்டு மடங்கு. உங்கள் பாட்டிலையும் அதன் அளவுக் குழாயையும் கொண்டுபோங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் நாலு முறைக்கு மேல் வேண்டாம்.

நிலக்கடலை, கடலை மிட்டாய், முழுத் திராட்சை

கூடாது. யார் ஊட்டினாலும். தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

தோட்டத்து நாய்

கட்டியிருந்தாலும் கிட்டே விடாதீர்கள். பல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசி.

கிளம்பும் நேரம்

தேங்காய், கீரை, மோர் எல்லாம் டிக்கியில் ஏறும் கலவரத்தில் குழந்தை காரின் பின்னால் போய் நிற்கும். பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தலை ஓட்டுபவருக்குத் தெரியாது. பின்பக்கக் கேமராவும் எல்லா மூலையையும் காட்டாது. சாவி போடும் முன் குழந்தை ஒருவர் இடுப்பில், ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே, திண்ணையில் இருக்க வேண்டும். வண்டி திரும்பி நின்று, இன்ஜின் அணைந்தபின் ஏற்றுங்கள்.