விமானக் கட்டணத்தைப் புரிந்துகொண்டு டிக்கெட் எடுப்பது எப்படி?

ஒரு நகரத்துக்கு நேரடியாகச் செல்ல அதிகக் கட்டணமும், அதே நகரத்தில் விமானம் மாறி இன்னும் தொலைவிலுள்ள வேறொரு நகரத்துக்குச் செல்லக் குறைந்த கட்டணமும் காட்டப்படுவது பலரைக் குழப்புகிறது. அமெரிக்காவில் 1978இல் கட்டுப்பாடுகள் தளர்த்தப்படும் வரை, உள்நாட்டு விமானக் கட்டணங்களை அரசு வாரியம் ஒன்று பெரும்பாலும் தூரத்தைக் கணக்கிட்டே நிர்ணயித்து வந்தது. இன்று நிறுவனங்கள் விலை வைப்பது தூரத்துக்கு அன்று. புறப்படும் ஊர், சேரும் ஊர் என்ற ஜோடிக்கும், அந்த ஜோடிக்கு இடையே நிலவும் போட்டிக்குமே. நேரடிச் சேவையை ஒரே நிறுவனம் நடத்தும் வழித்தடத்தில் கட்டணம் உயர்ந்து நிற்கும். பல நிறுவனங்கள் மோதும் வழித்தடத்தில், சுற்றிச் செல்லும் பயணத்துக்கும் விலை இறங்கும்.

எனவே முதலில் விலையைப் பார்க்காமல் கட்டண வகுப்பைப் பாருங்கள். எக்கானமி இருக்கைகள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும், அவை ஒற்றை எழுத்துகளால் குறிக்கப்படும் பல வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் இத்தனை இடங்கள்தாம் என்று விற்கப்படுகின்றன. காலையில் பார்த்த விலை மாலையில் ஏறியிருந்தால், பெரும்பாலும் மலிவான வகுப்பு தீர்ந்திருக்கும் அல்லது மூடப்பட்டிருக்கும்.

குடும்பமாகச் செல்வோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நால்வருக்கு ஒன்றாகத் தேடும்போது மலிவான வகுப்பில் இரண்டு இடங்களே மீதமிருந்தால், பெரும்பாலான தளங்கள் நால்வருக்கும் அடுத்த வகுப்பின் விலையையே காட்டும். முதலில் ஒருவருக்கும், பிறகு இருவருக்கும் தேடிப் பார்த்து, விலை வேறுபட்டால் இரண்டிரண்டாகப் பதிவு செய்யலாம். ஆனால் பிஎன்ஆர் (பதிவு எண்) வேறுவேறாக இருப்பதால், விமானம் ரத்தானால் குடும்பம் பிரிக்கப்படக்கூடும். இரு பதிவுகளையும் இணைத்துக் குறித்து வைக்கும்படி நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது. சிறு குழந்தைகள் உடன் வந்தால், மிச்சமாகும் பணத்துக்காக இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தொலைதூர டிக்கெட்டை வாங்கி இடையிலேயே இறங்கிவிடும் வழியைச் சிலர் சொல்வார்கள். செக்-இன் செய்த பெட்டி பொதுவாகக் கடைசி ஊருக்கே போய்விடும். பயணத்தின் ஒரு கட்டத்தைத் தவறவிட்டால், திரும்பும் பயணம் உட்பட மீதமுள்ள அனைத்தையும் நிறுவனம் ரத்து செய்யலாம். பல நிறுவனங்களின் விதிமுறைகள் இதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன.

இரு தனி டிக்கெட்டுகளைச் சேர்த்துப் பயணத்தை அமைப்பதும் பார்வைக்கு மலிவானதே. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், பொதுவாக அந்த இரண்டாம் நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. பெட்டியை எடுத்து மீண்டும் செக்-இன் செய்ய நேர்ந்தால், அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் தேவைப்படலாம். ஒரே டிக்கெட்டில் இணைப்பு விமானம் தவறினால், மாற்று விமானத்தில் அனுப்புவது பொதுவாக நிறுவனத்தின் வேலை. கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்தப் பாதுகாப்புக்கானது.

பணம் செலுத்துமுன் பெட்டிக் கட்டணம், தேதி மாற்றக் கட்டணம், ரத்து விதி ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள். மலிவான வகுப்பில் ரீஃபண்ட் இல்லாவிட்டாலும், பறக்காத பயணத்தின் வரிகளில் சிலவற்றைத் திரும்பக் கேட்டுப் பெற முடிவதுண்டு. அந்த வரி விவரம் டிக்கெட் ரசீதிலேயே தனியாக அச்சிடப்பட்டிருக்கும்.