அடைமழைக்குப் பயந்து ஜீப்புக்கு ஹார்டு டாப் மாட்டப் போகிறீர்களா? முதலில் இந்தத் தவறுகளைப் பாருங்கள்

புரட்டாசிக் கடைசியில் நாலு தூறல் விழுந்ததும் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். மதுரையில் துணிக்கூரை ஜீப் வைத்திருக்கிற சொந்தக்காரர்கள், நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள். கேள்வி ஒன்றுதான். "ஐப்பசி, கார்த்திகை அடைமழை இருக்கு. மார்கழியில பிள்ளைகளோட கொடைக்கானல் போகணும். பேசாம ஒரு ஹார்டு டாப் மாட்டிரவா?"

ஹார்டு டாப் என்றால் துணிக்கூரைக்குப் பதிலாக மாட்டும், ஃபைபர் போன்ற கெட்டிப் பொருளில் செய்த கூரை. பெரும்பாலானவர்களுக்கு அது தேவையில்லை என்பதுதான் என் பதில். 2021-லிருந்து நான் ஓட்டுவது கன்வெர்ட்டிபிள் சாஃப்ட் டாப், அதாவது மடக்கித் திறக்கிற துணிக்கூரை, போட்ட மஹிந்திரா தார் ஜீப். அதற்கு முன்னால் வீட்டில் நின்றது அப்பாவின் பழைய மஹிந்திரா ஜீப், எம்.எம். 540, கேன்வாஸ் ஹூட் போட்டது. இரண்டுக்குள்ளும் உட்கார்ந்து நனைந்திருக்கிறேன். பிறகு உட்கார்ந்து பார்த்தால், ஒவ்வொரு முறையும் பராமரிப்பில் எங்கோ ஒன்றைத் தவறவிட்டிருப்போம். கூரையை மாற்றச் செலவழிக்கும் முன்னால் அந்தத் தவறுகள் என்னவென்று தெரிந்துகொள்வது நல்லது.

பனி நாட்டு யோசனையை அப்படியே எடுத்துக்கொள்வது

கழற்றி மாட்டும் ஹார்டு டாப் குளிர் நாடுகளில் வேரூன்றிய பழக்கம். 1989-ல் வந்த மஸ்டா எம்.எக்ஸ்.-5 போன்ற இரண்டு சீட் திறந்த கார்களுக்கு அதைத் தனியாக விற்றார்கள். அந்தக் காருக்கான டாப் சுமார் 20 கிலோ எடை. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் தூக்கி வைத்துவிடலாம். குளிர் தொடங்கும்போது மாட்டி, குளிர் போனதும் கழற்றி, கராஜில் தொங்கவிட்டுவிடுவார்கள். அங்கே அதற்கு நியாயம் இருக்கிறது. இரவெல்லாம் விழும் பனி துணிமேல் கனமாக ஏறும். பகலில் உருகும் தண்ணீர் ராத்திரியில் தையலுக்குள்ளேயே உறையும். பழைய கார்களின் பிளாஸ்டிக் பின் ஜன்னலை அந்தக் குளிரில் மடக்கினால் உடைந்துவிடும். இவ்வளவு இருந்தும் அங்கேயே வருடம் முழுக்கத் துணிக்கூரையோடு ஓட்டுகிறவர்கள் நிறைய உண்டு. இப்போதைய கார்களில் துணி பல அடுக்காக வருகிறது, பின்னால் சூடேறும் கண்ணாடி இருக்கிறது.

மதுரையில் மார்கழி ராத்திரியே 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். சித்திரை, வைகாசியில் 40-ஐத் தொட்டுத் தாண்டும். நம் ஊரில் துணிக்கூரையைத் தின்பது வெயில்தான். துணி வெளுப்பது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் நடப்பது வேறு. கதவைச் சுற்றியும் முன்கண்ணாடிச் சட்டத்தின் மேலும் ஓடுகிற ரப்பர் பீடிங் காய்ந்து இறுகும். தையல் நூல் நைந்துபோகும். பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளடிக்கும். கோடை மழை அரை மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடுவதால் நாம் கவனிப்பதில்லை. ஐப்பசியில் விட்டுவிட்டு மூன்று நாள் பெய்யும்போதுதான் மே மாத வெயில் செய்துவைத்த வேலை வெளியே வருகிறது.

ஒழுகினால் உடனே துணிமேல் பழி போடுவது

நான் அதிகம் பார்த்த தவறு இது. நானும் செய்யப் பார்த்தேன்.

இரண்டு ஐப்பசிக்கு முன்னால் என் வண்டியில் ஒரு விசித்திரமான ஒழுகல். ஓடும்போது ஒன்றும் இருக்காது. கோரிப்பாளையம் சிக்னலில் பிரேக் பிடித்தால் போதும், வலது முழங்காலில் ஒரு கரண்டித் தண்ணீர் சில்லென்று விழும். வண்டி நிற்கும்போது மேலே தேங்கிய தண்ணீர் முன்னால் சரிந்து வருகிறது என்பது வரைக்கும் எனக்குப் புரிந்தது. எங்கே நுழைகிறது என்றுதான் தெரியவில்லை. ஒரு ஆக்சசரீஸ் கடையில் காட்டினேன். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "துணி போச்சு, ஃபைபர் டாப் போட்டுருங்க" என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு ஒரு வாரம் யோசித்துக்கொண்டே சுற்றினேன்.

அப்புறம் அப்பாவின் ஜீப்புக்கு ஹூட் தைத்துக் கொடுத்த குஷன் கடைக்காரரிடம் போனேன். வயதானவர். துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பழைய செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து, சட்டத்தின் உள்விளிம்பு நெடுகச் செருகச் சொன்னார். என்னை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வாளியும் குவளையுமாக வெளியே நின்று ஊற்ற ஆரம்பித்தார். கதவின் அடிப்பக்கத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே. "நேரா மேல ஊத்திரலாமே அண்ணே" என்றேன். "மேல ஊத்துனா எல்லாம் நனைஞ்சிரும் தம்பி, எங்கன நுழையுதுன்னு எப்படித் தெரியும்?" என்றார்.

கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. முன்கண்ணாடித் தூணும் கூரையும் சேருகிற மூலையில் ஒரே ஒரு காகிதப் பட்டை கறுத்து நனைந்திருந்தது. மற்றதெல்லாம் மொரமொரவென்று காய்ந்தே இருந்தது. அந்த இடத்து பீடிங்கை அவர் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் காட்டினார். நகம் பதிந்த பள்ளம் எழும்பவே இல்லை. இரண்டு அடி தள்ளி, நல்ல இடத்தில் அழுத்தினார். உடனே எழும்பியது. அந்தத் துண்டு பீடிங்கை மாற்றி, கூரையை முன்சட்டத்தில் இழுத்துப் பூட்டும் கொக்கியைக் கொஞ்சம் இறுக்கினார். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. அந்த மழைக்காலம் முழுக்க முழங்கால் நனையவில்லை.

இந்தச் சோதனையை நீங்களே வீட்டு வாசலில் செய்யலாம். கூட ஒரு ஆள் வேண்டும், உள்ளே பார்க்க ஒரு டார்ச் வேண்டும், அவ்வளவுதான். புரட்டாசியிலேயே செய்துவிடுங்கள். தீபாவளி நெருங்கிவிட்டால் குஷன் கடைகளில் ஆள் பிடிப்பது கஷ்டம்.

ஈரத்தோடு மடக்குவது

மழை விட்டதும் நல்ல காற்று வரும். கூரையை மடக்கிவிட்டு அழகர்கோவில் ரோட்டில் ஒரு சுற்றுப் போகத் தோன்றும். அந்த ஆசையில் ஈரத்துணியை மடித்து வைத்தால் மூன்றாவது நாள் வண்டிக்குள் பூசண வாடை அடிக்கும். மடிப்புகளில் மிளகு தூவியது போல் கறுப்புப் புள்ளிகள் விழும். வாடை எப்படியாவது போய்விடும், புள்ளி போகாது. ஈர வண்டியின் மேல் கார் கவரை இழுத்து மூடுவதும் இதே தவறுதான். கூரையை விரித்த நிலையிலேயே, ஜன்னல்களைத் திறந்துவைத்து, காற்றோட்டமான நிழலில் காயவிடுங்கள். வெயிலே காணாத வாரமாக இருந்தால் மடக்காமலாவது இருங்கள்.

கழுவும்போது சோப்புத்தூள், பெட்ரோல், டாஷ்போர்டு பாலிஷ் எதுவும் துணிப்பக்கம் வேண்டாம். வாட்டர் சர்வீஸுக்கு விட்டால், பம்ப்பின் முனையை ஜிப், தையல் பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த அழுத்தம் தையல் ஓட்டைகளைப் பெரிதாக்கிவிடும். ஜிப் இறுகினால் இழுக்காமல், மெழுகுவர்த்தித் துண்டை அதன் பல் மேல் இரண்டு முறை தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். வேப்பமரத்தடியில் நிறுத்தினால் நிழல் கிடைக்கும், கூடவே காக்கை எச்சமும் கிடைக்கும். அன்றே தண்ணீர் விட்டு ஊறவைத்துத் துடைத்துவிட வேண்டும்.

கொடைக்கானல் குளிரில் அவசரப்படுவது

குளிர்காலம் என்று நாம் சொல்வதற்கு உண்மையில் அர்த்தம் இருப்பது மலையில்தான். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மார்கழி, தை விடியற்காலையில் 10 டிகிரிக்குக் கீழே போகும். சில நாள் ஏரியை ஒட்டிய புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அடிவாரத்து வத்தலக்குண்டில் சட்டை நனைய வியர்த்துவிட்டு, மலை ஏறி வண்டியை விட்டு இறங்கினால் பல் கிட்டும்.

அந்தக் காலைக் குளிரில் வண்டியின் பிளாஸ்டிக் ஜன்னல் காய்ந்த பனையோலை மாதிரி விறைத்திருக்கும். கோக்கர்ஸ் வாக் பக்கம் மேகம் இறங்கி நிற்கிறதே என்று ஆறரை மணிக்கு அதைச் சுருட்டினால், மடிந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டை எந்த பாலிஷாலும் எடுக்க முடியாது. அடுத்த வருடம் அதே கோட்டில்தான் கிழியும். வெயில் ஏறி, தொட்டால் தளதளவென்று வளைகிற வரைக்கும் பொறுங்கள். சுருட்டும்போது இடையில் ஒரு பழைய துண்டை வைத்துச் சுருட்டுங்கள். பனித்துளி படிந்த ஜன்னலைக் கையில் கிடைத்த துணியால் துடைப்பதும் கூடாது. துளியோடு புழுதியும் இருக்கும், கீறல் கீறலாக விழுந்துவிடும். முதலில் தண்ணீர் ஊற்றி வழியவிட்டு, பிறகு மெதுவாக ஒற்றி எடுங்கள்.

மலை ஏறும்போது முன்கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தால், குளிருகிறதே என்று ஏ.சி.யை அணைத்துவிடுகிறார்கள். அணைக்கவே கூடாது. உள்காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதே ஏ.சி.தான். ஏ.சி. ஓடட்டும், வெப்பக் குமிழை மட்டும் சூடு பக்கம் திருப்புங்கள். வெளிக்காற்று உள்ளே வருகிற மாதிரி வைத்து, காற்றைக் கண்ணாடிப் பக்கம் விடுங்கள். இரண்டு நிமிடத்தில் தெளியும். பின்பக்கத்து பிளாஸ்டிக் ஜன்னலில் சூடேற்றும் கம்பி கிடையாது, அது மங்கித்தான் இருக்கும். அதனால் பக்கவாட்டுக் கண்ணாடிகளை அடிவாரத்திலேயே சரிசெய்துகொள்ளுங்கள். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர் மாதிரி திருப்பியடிக்கும், லோ பீம் போதும்.

குரங்கு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கமும் சரி, நம் அழகர்கோவிலிலும் சரி, தின்பண்டப் பையை அவை தூரத்திலேயே கண்டுபிடித்துவிடும். துணியும் ஜிப்பும் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. உள்ளே வாழைப்பழச் சீப்பு வெளியே தெரிகிற மாதிரி வைத்துவிட்டு இறங்கினால் திரும்பி வரும்போது கூரையில் கிழிசல் இருக்கும். சாப்பாட்டைப் பையோடு கையில் எடுத்துக்கொண்டே இறங்குங்கள்.

வெளியில் கிடைக்கிற ஃபைபர் டாப்பை யோசிக்காமல் மாட்டுவது

மஸ்டாவின் 20 கிலோ டாப்பை மனதில் வைத்துக்கொண்டு ஃபைபர் டாப் வாங்கிவிட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. ஜீப்புக்குச் செய்வது பின் சீட்டையும் சேர்த்து மூடுகிற பெரிய கூடு, இரண்டு பேரால் சுலபமாகத் தூக்க முடியாது. தூக்கினாலும் எங்கே வைப்பீர்கள்? நம் தெருக்களில் வண்டி நிற்கவே இடம் இல்லை. மொட்டைமாடிக்கு ஏற்ற முடியாது, வாசலில் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் நடக்க முடியாது. கழற்றி மாட்டலாம் என்று வாங்கிய டாப் கடைசியில் நிரந்தரமாக வண்டி மேலேயே நிற்கும். திறந்த வண்டியை ஆசைப்பட்டு வாங்கியதன் அர்த்தமே போய்விடும். உள்பக்கம் மெத்தை ஒட்டாத ஃபைபர் சித்திரை வெயிலில் தகிக்கும். வண்டியின் பாடியில் துளை போட்டு போல்ட் மாட்டினால் அந்தத் துளை ஒவ்வொன்றும் துருப்பிடிக்க ஒரு வழி.

சட்டப் பக்கம் இன்னும் முக்கியம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொல்லிவிட்டது. மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இல்லை இரண்டும் என்று அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே ஆர்.சி.யை எடுத்து வண்டி வகை எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டு மேலே செல்லுங்கள். "எல்லாரும் மாட்டுறாங்க சார்" என்று கடையில் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாட்டிவிட்டு, விபத்துக்குப் பிறகு க்ளெய்ம் போடும்போது தகராறில் மாட்டிக்கொள்வதும் நடக்கிறது.

இன்னொன்று. 2024 அக்டோபர் 25-ம் தேதி பெய்த மழையில் மதுரை செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அந்த மாதிரி நாளில் தண்ணீர் வருவது கீழேயிருந்து. அதற்கு எந்த டாப்பும் உதவாது. தாரில் தரையைக் கழுவிவிட வசதியாக வடிகால் மூடிகள் இருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்றாவது தெரிந்துவைத்திருங்கள்.

சரி, ஹார்டு டாப் யாருக்குத்தான் வேண்டும்? தினமும் நான்கு வழிச்சாலையில் திருச்சி, திருநெல்வேலி என்று ஓடுகிறவர்களுக்கு வேண்டும், துணிக்கூரைச் சத்தம் காதை அடைத்துவிடும். ராத்திரி தெருவில் நிறுத்தி, உள்ளே சாமான் வைத்தே ஆகவேண்டிய வேலை என்றால் வேண்டும், துணியை ஒரு பிளேடு போதும் கிழிக்க. வருடம் முழுக்க மலையில் குடியிருப்பவர்களுக்கும் வேண்டும். ஆனால் இவர்கள் எல்லாருமே கம்பெனியிலிருந்து ஹார்டு டாப்போடு வருகிற வண்டியையே வாங்கிவிடுவது நல்லது. 2020 அக்டோபரில் புதிய தார் வந்தபோதே அந்த வகையும் இருந்தது. பெருமாள்மலையில் வீடு இருக்கிற என் மச்சான் அப்படித்தான் வாங்கினார். எட்டு மாதம் சாரலும் பனியுமாக இருக்கிற இடத்தில் அவருக்கு அது சரி. மதுரையில் இருக்கிற நான் போன வாரம் குஷன் கடைக்குப் போய், இடதுபக்கக் கதவுக்குப் புது பீடிங் அளவெடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.