கடற்கரை ஊரில் முதல் ஆண்டு: இங்கிலாந்துக்குப் புதிதாக வருவோருக்கு ஊர் நிகழ்ச்சிகள் பற்றிய வழிகாட்டி

இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களுக்குப் புதிதாக வரும் தமிழர்களில் செவிலியர்கள், முதியோர் இல்லப் பராமரிப்பாளர்கள், கடை நடத்துவோர், மாணவர்கள் எனப் பலர் உள்ளனர். லண்டனின் சில பகுதிகளில் தெருவுக்கொரு தமிழ்க்கடையும், கூப்பிடு தொலைவில் கோயிலும், சனிக்கிழமைதோறும் தமிழ்ப்பள்ளியும் இருக்கும். இங்கே அப்படி எதுவும் இருக்காது. வந்து ஆறு மாதமாகியும் வேலையிடமும் வீடும் தவிர வேறு முகம் அறியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். இத்தகைய ஊரொன்றில் பல ஆண்டுகளாக வாழ்பவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: ஊர் நிகழ்ச்சிகளுக்கு வேடிக்கை பார்க்கப் போவதைக் காட்டிலும், அவற்றில் ஒரு சிறு பொறுப்பை ஏற்றுக்கொண்டு போவதே உங்களை ஊரோடு விரைவாகச் சேர்க்கும். நாற்காலி எடுத்துப்போட்டவரின் பெயரை இவ்வூர் மக்கள் மறப்பதில்லை.

என்ன நிகழ்ச்சி எப்போது நடக்கிறது என்பதை அறிய முதலில் ஊர் நூலகத்துக்குப் போங்கள். உறுப்பினராவதற்குக் கட்டணம் இல்லை. வாசலருகே உள்ள அறிவிப்புப் பலகையில் கடற்கரைத் தூய்மைப் பணி, குழந்தைகளுக்கான பாட்டு நேரம், ஆங்கிலம் பேசிப் பழகும் குழு, தேவாலய மண்டபத்தில் காலைத் தேநீர்ச் சந்திப்பு எனப் பலவும் ஒட்டப்பட்டிருக்கும். உள்ளூராட்சி மன்றத்தின் இணையதளத்தையும், ஊரின் பெயரில் இயங்கும் முகநூல் குழுக்களையும் வாரத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சுவரொட்டிகளில் வரும் சில சொற்கள் தொடக்கத்தில் குழப்பும். ‘டிராப்-இன்’ என்றிருந்தால் குறிப்பிட்ட நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், முன்பதிவு தேவையில்லை. ‘ஃப்ரீ’ என்பதன் அருகிலேயே ‘டிக்கெட்டட்’ என்றும் இருந்தால், பணம் கேட்கமாட்டார்கள், ஆனால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். ‘பிரிங் அண்ட் ஷேர்’ என்றால் ஒவ்வொருவரும் ஓர் உணவைக் கொண்டுவந்து எல்லோரும் பகிர்ந்து உண்பது. ‘வெதர் பர்மிட்டிங்’ என்று இருந்தால் கிளம்பும் முன் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக வீசினால் நிகழ்ச்சியை நிறுத்திவிடுவார்கள்.

நிகழ்ச்சிகளின் வரிசைக்குப் போகும் முன் கடலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ‘நான் கடலோரத்தில் பிறந்தவன், எனக்குக் கடல் தெரியும்’ என்ற எண்ணம் இங்கே ஆபத்தானது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்தான் மாறும். இங்கே பிரிஸ்டல் கால்வாய்ப் பகுதியில் அந்த வேறுபாடு 14 மீட்டரை எட்டுகிறது. தட்டையான மணற்கரைகளில் கடல் கண்ணுக்கெட்டாத தொலைவுக்கு உள்வாங்கிப் பிறகு திரும்புகிறது. திரும்பும்போது அது நமக்கு முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. நமக்கும் கரைக்கும் இடையிலுள்ள பள்ளங்களை முதலில் நிரப்பிவிடும். நாம் நிற்கும் மணல்திட்டு தீவாகிவிட்டதென்று உணரும்போது கரைக்கு வழி இருக்காது. 2004 பிப்ரவரியில் மோர்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கச் சென்ற சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இப்படித்தான் இறந்தார்கள்; அவர்களும் இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள். 2016 ஆகஸ்ட் 24 அன்று கிழக்கு சசெக்ஸில் உள்ள கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்கு லண்டனிலிருந்து விடுமுறையைக் கழிக்கச் சென்ற ஐந்து தமிழ் இளைஞர்கள் கடலில் உயிரிழந்தார்கள். அன்று அந்தக் கரையில் உயிர்காப்பாளர்கள் இருக்கவில்லை. அதன் பிறகே அமர்த்தப்பட்டார்கள். அந்த ஐந்து வீடுகளை நினைக்காமல் நான் எந்தப் புதியவரையும் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதில்லை.

ஆகவே வீட்டுக்குத் தேவையான பொருள்களோடு ஓர் ஓதப் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறு புத்தகம் தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அதில் அன்றாடம் ஏற்றமும் வற்றமும் உச்சத்தை அடையும் நேரங்கள் இருக்கும். ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றம் வர ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆவதால், இன்று காலை பத்து மணிக்கு உச்சமென்றால் நாளை அது பத்தே முக்கால், பதினொன்றுக்குத் தள்ளிப்போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றம் மிகுதியாக இருக்கும் என்பது நம் மீனவர்கள் அறிந்ததுதான். பட்டியலின் தலைப்பை மட்டும் கவனமாகப் படியுங்கள். பல பட்டியல்கள் கிரீன்விச் நேரத்தில் அச்சிடப்படுகின்றன. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நம் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், அந்தக் காலத்தில் பட்டியலிலுள்ள நேரத்தோடு ஒரு மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு மணி நேரப் பிழையை நானே என் முதல் கோடையில் செய்து, குழந்தைகளோடு முழங்கால் நீரில் நடந்து கரை சேர்ந்தேன்.

குளிப்பதென்றால் உயிர்காப்பாளர் இருக்கும் கரையில், சிவப்பும் மஞ்சளும் கலந்த இரு கொடிகளுக்கு இடையில் மட்டும் குளியுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் நீரில் கால் வைக்கக் கூடாது. நீரில் சிக்கிக்கொண்டால் பதறி நீந்த முயலாமல், காதுகள் நீரில் மூழ்கும்படி தலையைப் பின்னால் சாய்த்து மல்லாந்து மிதந்து, மூச்சு சீரான பிறகு உதவிக்குக் குரல் கொடுங்கள். கரையிலிருந்து யாராவது தவிப்பதைக் கண்டால் 999-ஐ அழைத்துக் ‘கோஸ்ட்கார்ட்’ (கடலோர மீட்புப் பிரிவு) வேண்டும் என்று கேளுங்கள்; நீங்கள் குதித்துவிடாதீர்கள். நீரின் குளிரையும் குறைத்து எண்ண வேண்டாம். இந்நாட்டுக் கடலின் சராசரி வெப்பநிலை 12 டிகிரிதான். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென இறங்கினால் நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் மூச்சு தாறுமாறாகிவிடும்.

இனி ஆண்டின் ஓட்டத்தைச் சொல்கிறேன். மே மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும், ஆகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்களும் ‘வங்கி விடுமுறை’ எனப்படும் பொது விடுமுறை நாள்கள் என்பதால் ஊர்த் திருவிழாக்கள் பெரும்பாலும் அந்த வார இறுதிகளை ஒட்டியே அமையும். ஹேஸ்டிங்ஸில் மே மாத முதல் விடுமுறையில் இலைதழை போர்த்திய உருவத்தை ஊர்வலமாகக் கொண்டுவரும் ‘ஜாக் இன் த கிரீன்’ விழா நடக்கும். வைட் தீவில் 1826 முதல் நடந்துவரும் கௌஸ் பாய்மரப் படகுப் போட்டி ஆகஸ்டில் வரும். பிளாக்பூலில் 1879-இல் தொடங்கிய விளக்கு அலங்காரத்தைக் கடற்கரைச் சாலை நெடுகக் கட்டணமின்றிக் காணலாம். உங்கள் ஊர் இவற்றைப் போலப் பெயர்பெற்றதாக இல்லாவிட்டாலும், ஒரு கார்னிவல் ஊர்வலமும், மீட்புப் படகு நிலையத்தை ஊரார் உள்ளே சென்று பார்க்கும் திறந்த நாளும் பெரும்பாலும் உண்டு. செப்டம்பரில் ‘ஹெரிடேஜ் ஓபன் டேஸ்’ என்ற பெயரில் பத்து நாள்கள், வழக்கமாகப் பூட்டியிருக்கும் பழைய கட்டடங்களையும் கட்டணம் வாங்கும் இடங்களையும் இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். நவம்பர் 5-ஐ ஒட்டி வாணவேடிக்கை. அந்த மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை 11 மணிக்குப் போர் நினைவுச் சின்னத்தின் முன் ஊரே இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும். அங்கே போய் நிற்க யாரும் அழைக்க வேண்டியதில்லை.

மீட்புப் படகு நிலையத்தின் திறந்த நாளைத் தவறவிடாதீர்கள். இந்நாட்டின் கடல் மீட்புப் படகுகளில் பெரும்பாலானவற்றை இயக்குவது அரசு அன்று, 1824-இல் தொடங்கப்பட்ட ஆர்.என்.எல்.ஐ. என்னும் தொண்டு நிறுவனம். படகில் ஏறுவோர் பெரும்பாலும் தன்னார்வலர்கள்: குழாய் பழுது பார்ப்பவர், ஆசிரியர், கடைக்காரர். இடுப்பில் உள்ள பேஜர் ஒலித்தால் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். குழந்தைகளைப் படகில் ஏற்றிக் காட்டுவார்கள். மேலே சொன்ன மிதக்கும் முறையை அவர்களிடமே செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளலாம். அந்த நிலையத்தின் முன்னாலோ படகை நீரில் இறக்கும் சாய்தளத்திலோ எந்த நாளிலும் காரை நிறுத்தாதீர்கள்.

முதன்முதலாகக் கலந்துகொள்ள எது ஏற்றது என்று கேட்டால், கடற்கரைத் தூய்மைப் பணியைத்தான் சொல்வேன். ஆங்கிலம் சரளமாக வராதவருக்கும் அங்கே வேலை உண்டு, பேச்சுத் துணையும் உண்டு. செப்டம்பரில் மரைன் கன்சர்வேஷன் சொசைட்டி நாடெங்கும் இதை ஒரு கணக்கெடுப்பாகவே நடத்துகிறது. கரையில் 100 மீட்டரை அளந்து, அதற்குள் கிடக்கும் ஒவ்வொரு குப்பையையும் வகை பிரித்து எண்ணிப் பதிய வேண்டும். நான் முதலில் போனபோது கிளிப் பொருத்திய அட்டையையும் பென்சிலையும் என் கையில் கொடுத்துவிட்டார்கள். முன்னால் சென்ற மூதாட்டி ஒருவர் நீண்ட இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லிப் பையில் போட, நான் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். நான்கு கோடுகள், அவற்றின் குறுக்கே ஐந்தாவது. பாட்டில் மூடி, நைலான் கயிற்றுத் துண்டு, ஈரத் துடைதாள், காது குடையும் பஞ்சுக்குச்சியின் நீலத் தண்டு என்று அவர் சொல்லச் சொல்ல, பாடப்புத்தகத்தில் இல்லாத ஆங்கிலச் சொற்கள் பலவற்றை அன்று கற்றேன். இப்படி எண்ணிச் சேர்த்த கணக்குகளும் வலு சேர்த்துத்தான் 2020 அக்டோபரில் பிளாஸ்டிக் தண்டுள்ள பஞ்சுக்குச்சிகளுக்கு இங்கிலாந்தில் தடை வந்தது. அடுத்த வாரம் அதே மூதாட்டி கடைத்தெருவில் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். அதுவரை அந்த ஊரில் என் பெயரை அப்படி யாரும் அழைத்ததில்லை. கையுறையும் இடுக்கியும் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். காற்றைத் தாங்கும் மேலங்கியும் நீர்புகாத காலணியும் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

ஓடவோ நடக்கவோ விருப்பமுள்ளவர்களுக்கு ‘பார்க்ரன்’ உண்டு. இங்கிலாந்தில் சனிக்கிழமை காலை 9 மணிக்கு 5 கிலோமீட்டர். கட்டணம் இல்லை, ஒரு முறை இணையத்தில் பதிந்து பார்கோடைக் கையில் வைத்திருந்தால் போதும். நடந்தே முடிப்பவர்களும் பலர். 4 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஞாயிறன்று 2 கிலோமீட்டர் தனியே நடக்கிறது. இரவுப் பணி முடித்து வரும் செவிலியர்கள் ஓடாமல், நேரக் கணக்கு எடுக்கவோ பார்கோடு வருடவோ நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் முழுமையான பங்கேற்பே.

உணவு கொண்டுசெல்லும் நிகழ்ச்சிகளில் நம்மவர்கள் தாராளமாகச் சமைப்பார்கள். அதில் கவனமும் வேண்டும். ஒவ்வாமை தரக்கூடியவை என இந்நாட்டுச் சட்டம் 14 பொருள்களைக் குறிப்பிடுகிறது. பால், முட்டை, கோதுமை போன்ற தானியங்களின் குளுட்டன், நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், எள் ஆகியவற்றோடு கடுகும் அந்தப் பட்டியலில் உண்டு. தாளித்த எதுவானாலும் கடுகு இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம். டப்பாவின் பின்புறத்தைப் பார்க்காமல் ‘குளுட்டன் இல்லை’ என்று சொல்லிவிடக் கூடாது. முறுக்கில் எள் இருந்தால் அதையும் எழுதுங்கள். சாப்பிட்டு முடிந்ததும் கிளம்பிவிடாமல் சமையலறைக்குப் போய்க் கோப்பைகளைத் துடைக்க ஒரு துணியை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் ஒரு மணி நேரம் தயங்கி நின்று பெறாத அறிமுகம் அங்கே பத்து நிமிடத்தில் கிடைக்கும்.

தொண்டாற்றுவதில் விசா தொடர்பான ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு தொண்டு நிறுவனத்துக்கு விருப்பம்போல் உதவுவது வேறு. குறிப்பிட்ட நேரத்துக்கு வந்து ஓர் ஊழியரின் வேலையைச் சம்பளமின்றிச் செய்வது வேறு. இரண்டாவது வகை வேலையாகவே கணக்கிடப்படும். பட்டப்படிப்பு மாணவருக்குப் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் என்ற வரம்புக்குள் அதுவும் சேரும். ஐயம் இருந்தால் பொறுப்பை ஏற்கும் முன்பே பல்கலைக்கழக ஆலோசகரைக் கேளுங்கள். புகலிடக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களும் தொண்டு நிறுவனங்களுக்கும் பொதுத்துறை அமைப்புகளுக்கும் தன்னார்வலராக உதவலாம். வீட்டுக்குள் அடைந்து காத்திருப்போர் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். குழந்தைகளோடு தொடர்ந்து பணியாற்றுவதாக இருந்தால் டி.பி.எஸ். என்னும் பின்னணிச் சான்றிதழ் கேட்பார்கள். தன்னார்வலர்களுக்கு அந்தச் சான்றிதழுக்கான கட்டணம் கிடையாது.

டிசம்பர் 26 அன்றும் புத்தாண்டு நாளிலும் பல ஊர்களில் வேடமணிந்து கும்பலாகக் கடலில் இறங்கி நிதி திரட்டுவார்கள். முதல் ஆண்டில் நீரில் இறங்க வேண்டாம். கரையில் துண்டும் சூடான தேநீரும் ஏந்தி நிற்க ஆள் தேவைப்படும், அந்தப் பணியைக் கேட்டுப் பெறுங்கள். விழாக்களை நடத்தும் குழுக்கள் பலவும் ஆண்டுக் கூட்டத்தைக் குளிர்காலத்தில்தான் வைக்கின்றன. பத்துப் பேர்கூட வராத அந்தக் கூட்டத்துக்குப் போய், அடுத்த கோடையில் உங்கள் பணி முறைக்கு ஒத்துவரும் ஒரு நாளைச் சொல்லி, நாற்காலிகளை அடுக்கவோ வாகனங்களை வழிநடத்தவோ உங்கள் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.