சுட்டது சுட்டதுதான்: வீட்டு சி.டி. ரெக்கார்டரில் பாட்டுத் தொகுப்பவர்களுக்கு

கேசட் காலத்தில் மதுரையில் வளர்ந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, வெற்றுக் கேசட்டோடு சேர்த்துப் பாட்டுக்கடையில் கொடுத்துவிட்டு வருவோம். பதிவு சரியில்லை என்றால் அதே கேசட்டின் மேலேயே மறுபடி பதிந்துகொள்ளலாம். அந்த நினைப்பிலேயே, கேசட்டுப் பாட்டை சி.டி. வட்டுக்கு மாற்றும் சி.டி. ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்தால் வட்டு வீணாகும். ஒரே தடவை எழுதக்கூடிய சி.டி.-ஆர் வட்டில் இருக்கும் சாயப்பூச்சை லேசர் சுட்டு எழுதுகிறது. சுட்டதை அழிக்க வழியில்லை.

வட்டு வாங்குவதிலேயே முதல் தவறு நடக்கிறது. கம்ப்யூட்டருக்கு விற்கிற சாதாரண வட்டை வீட்டு ரெக்கார்டர் ஏற்காது. இசைக்கென்று தயாரித்த வட்டில் இருக்கும் குறியை அது தேடும். உறையில் ‘மியூசிக்’ அல்லது ‘டிஜிட்டல் ஆடியோ’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அதிகம் கெடுவது லெவலில், அதாவது பதிவாகும் ஒலியின் அளவில். கேசட்டில் முள் கொஞ்சம் சிவப்புக்குள் போனாலும் நாடா தாங்கிக்கொள்ளும். டிஜிட்டலில் மீட்டரின் பூஜ்யம்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் ஒலியின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். எங்கள் தெரு மார்கழி பஜனைக் கேசட்டை நான் வட்டில் பதிந்தபோது முதல் பாட்டைக் கேட்டே லெவல் வைத்துவிட்டேன். அப்பா மெதுவாகத்தான் எடுப்பார். நாலாவது பாட்டில் ஜால்ராவும் மிருதங்கமும் சேர்ந்து ஏறிய இடம் முழுக்க உடைந்துபோயிற்று. வட்டு போனதைவிட, அந்தப் பழைய நாடாவை இன்னொரு தடவை ஓட்ட வேண்டி வந்ததே எனக்கு வருத்தம். கேசட்டை முழுதும் கேட்டு, இருப்பதிலேயே சத்தமான இடத்தில் மீட்டர் பூஜ்யத்துக்கு ஐந்தாறு டெசிபல் கீழே நிற்கும்படி வையுங்கள். தவில், நாதஸ்வரம் என்றால் இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

அதற்கும் முன்னால் கேசட் டெக்கில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். அழுக்கு ஹெட்டில் வந்த மங்கலான ஒலி அப்படியே வட்டில் ஏறிவிடும். டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் வசதி) போடாமல் பதிந்த கேசட்டுக்கு டால்பி பொத்தானை அமுக்கினாலும் இதே மங்கல்தான். கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். கை தவறி அதன்மேல் பதிவாகாது.

பாட்டுப் பிரிப்பதைத் தானியங்கியிடம் விடாதீர்கள். சில விநாடி மௌனம் வந்தால் அடுத்த ட்ராக் என்று அது எண் போடும். விருத்தம் பாடுகிறவர் அடிக்கு அடி நிறுத்தினால் ஒரே விருத்தம் நாலு துண்டாகிவிடும். கேசட்டில் நேர்மாறாகவும் நடக்கும்: இரைச்சல் மௌனத்தை நிரப்பிவிடுவதால் ஒரு பக்கம் முழுக்க ஒரே ட்ராக்காகப் போகும். சித்திரைத் திருவிழாவில் பதிந்த அழகர் வர்ணிப்பு போன்ற நீளமான பாட்டுக்கு எங்கே எண் வேண்டும் என்பது கேட்கிற நமக்குத்தான் தெரியும். பக்கத்திலேயே உட்கார்ந்து கையால் போடுங்கள். ஒரு வட்டில் 99 எண் வரை இடம் உண்டு.

வட்டின் நீளம் 74 அல்லது 80 நிமிடம். 60 நிமிடக் கேசட் முழுதாக அடங்கும். 90 நிமிடக் கேசட் அடங்காது. முதலிலேயே கூட்டிப் பாருங்கள்.

நகலிலிருந்து மறுநகல் எடுக்கும்போது ரெக்கார்டர் மறுத்தால் மெக்கானிக்கைத் தேட வேண்டாம். கடையில் வாங்கிய இசை வட்டை டிஜிட்டல் கேபிள் வழியாக ஒரு தலைமுறைதான் நகலெடுக்க அது விடும். சாதாரண ஆடியோ கேபிளான அனலாக் கேபிளில் அந்தத் தடை இல்லை.

பதிந்து முடித்ததும் ஃபைனலைஸ் செய்யாவிட்டால் (பதிவை முடித்து வட்டை மூடாவிட்டால்) மற்ற பிளேயர்களில் வட்டு பாடாது. அவசரப்பட்டுச் செய்தாலும் தப்பு; அதன்பின் சி.டி.-ஆரில் ஒரு பாட்டுகூடச் சேர்க்க முடியாது. முழுதும் கேட்ட பிறகு செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனால் வட்டு கெட வாய்ப்பு அதிகம், அதனால் யு.பி.எஸ். இல்லாமல் நான் ரெக்கார்டரைத் தொடுவதில்லை. வரிசையைச் சரிபார்க்க அழித்தெழுதும் சி.டி.-ஆர்.டபிள்யூ வட்டில் ஒத்திகை பார்க்கலாம். பழைய பிளேயர்கள் பல அதைப் படிக்காது என்பதால் உறவுக்காரர்களுக்குக் கொடுக்க அது ஆகாது.

வட்டின் மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதக் கூடாது. ஒளி திருப்பும் படலம் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. மென்மையான மார்க்கர் போதும். காகித ஸ்டிக்கர் ஒட்டினால் எடை ஒரு பக்கம் சாய்ந்து வட்டு ஆடும். சித்திரை வெயிலில் வண்டி சீட்டுக்கு அடியில் வட்டை வைத்துவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். சூடும் வெளிச்சமும் சாயத்தைக் கெடுக்கும்.

பதிந்தாயிற்றே என்று கேசட்டைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. சாயம் ஒருநாள் வெளுத்தால் திரும்பிப் போக அந்த நாடா ஒன்றுதான் இருக்கும். எங்கள் பஜனைக் கேசட், பாடியவர்கள் பெயர் எழுதிய தாளோடு, பீரோவின் மேல்தட்டில் நின்றவாக்கில் இருக்கிறது.