ராணுவத்தின் அலைக்கற்றையை வாங்கப் போகிறீர்களா? முதலில் பட்டாவைக் கேளுங்கள்

ராணுவம் வைத்திருக்கும் அலைக்கற்றையை ஒரு தனியார் கம்பெனி வாங்க முடியுமா என்று பார்த்துச் சொல்லும் வேலை வந்தால், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எல்லாரும் உடனே ஒரு மெகாஹெர்ட்ஸ் என்ன விலை என்று கணக்குப் போட உட்காருகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டியது. நான் தக்கலைக்காரி. இரணியலில் ரயிலேறி கழக்கூட்டம் போய், பிரிட்டன் வாடிக்கையாளர்களுக்காக இந்த மாதிரி ஃபைல்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒவ்வொரு பேட்ச் வரும்போதும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். முதலில் பிரிட்டன் கதை. நம் நாட்டு விஷயம் கடைசியில் வரும்.

முதல் கேள்வி: விற்பவர் கையில் விற்பதற்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா?

பிரிட்டனில் ரேடியோ கருவி எதை இயக்கினாலும் 2006-ஆம் ஆண்டு வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டத்தின்படி உரிமம் வேண்டும், அல்லது விலக்கு வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் அரசரின் பெயரால் இயங்கும் துறைகளைக் கட்டாது. பாதுகாப்பு அமைச்சகம் அப்படிப்பட்ட துறை. அது காலங்காலமாக உரிமமே இல்லாமல், அரசுக்குள் போட்டுக்கொண்ட ஒதுக்கீட்டை வைத்தே ரேடாரையும் வயர்லெஸ்ஸையும் ஓட்டி வந்திருக்கிறது. நம்ம ஊரில் புறம்போக்கு நிலத்தில் அரசு ஆபீஸ் ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். அதற்குப் பட்டா தேவைப்பட்டதே இல்லை. ஆனால் அதில் பத்து சென்ட்டை யாருக்காவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால் எந்தச் சார்பதிவாளரும் பதிய மாட்டார். ராணுவ அலைக்கற்றையின் நிலையும் அதேதான். அனுபவம் இருக்கிறது, பத்திரம் இல்லை.

அந்தப் பட்டாவைத் தருவதற்குத்தான் ‘அங்கீகரிக்கப்பட்ட அலைக்கற்றைப் பயன்பாடு’ என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆபீசில் ஆர்.எஸ்.ஏ. என்போம். ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் இதை அரசுத் துறைக்கு வழங்குகிறது. 2009-இல் வந்த விதிகளுக்குப் பிறகு இதைக் கைமாற்றவும், உரிமமாக மாற்றவும் வழி உண்டாயிற்று.

இங்கேதான் ஆட்கள் சறுக்குகிறார்கள். ஆர்.எஸ்.ஏ. என்பது ஒலிபரப்ப அனுமதி அல்ல. ‘இந்த இடத்தில், இந்த அலைவரிசையில் இவர் இருக்கிறார், மற்றவர்களுக்கு உரிமம் கொடுக்கும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம்’ என்று ஆஃப்காம் தரும் உறுதி, அவ்வளவுதான். ராணுவத்துக்கு அது போதும், ஏனென்றால் அதற்கு அனுமதி ஏற்கெனவே தேவையில்லை. வாங்கும் தனியாருக்குப் போதாது. அவர் கோபுரம் நட்டு ஸ்விட்சைப் போட வேண்டும் என்றால் அந்த உரிமை உரிமமாக மாறியே ஆக வேண்டும். ஆகவே ஃபைலைத் திறந்ததும் மூன்றைத் தேடுங்கள்: ஆர்.எஸ்.ஏ. வழங்கப்பட்டிருக்கிறதா, அது எந்த அலைவரிசைக்கு, எந்தப் பகுதிக்கு, அதை உரிமமாக மாற்ற ஆஃப்காம் என்ன நிபந்தனை வைத்திருக்கிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் விலை பேசாதீர்கள்.

அடுத்தது, எந்த வகைக் கைமாற்றம். முழுவதையும் மொத்தமாகக் கொடுத்துவிடலாம், ஒரு பகுதியை மட்டும் கொடுக்கலாம். அல்லது விற்பவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் உரிமையை வைத்துக்கொள்ளலாம். ராணுவத்தோடு பேசும்போது இந்தக் கடைசி வகைதான் அடிக்கடி மேசைக்கு வரும், ஏனென்றால் அவர்களுக்கு எதையும் முழுசாக விட மனசு வராது. கூட்டாக வைத்திருக்கும்போது கடமைகளும் இரண்டு பேர் தலையிலும் விழும். பயிற்சி நடக்கும் வாரத்தில் யார் ஒதுங்க வேண்டும், எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும், சொல்லாமல் ஒலிபரப்பினால் யாரிடம் புகார் செய்வது என்று ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வரியாக எழுதி வாங்குங்கள். ‘பரஸ்பர ஒத்துழைப்பு’ என்று ஒரு வரி போட்டுத் தருவார்கள். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வரைபடத்தையும் கேளுங்கள். ராணுவம் ஒரு துண்டை விட்டுக்கொடுத்தாலும் பக்கத்துத் துண்டில் தானே இருக்கும். சில தளங்களைச் சுற்றி அனுமதி வாங்காமல் கோபுரம் போட முடியாது என்று நிபந்தனை வரும். நாடு முழுக்க என்று காகிதத்தில் இருப்பது, தரையில் அங்கங்கே ஓட்டை விழுந்த நாடாக இருக்கும். வாடிக்கையாளரின் நகரம் எந்த ஓட்டைக்குள் விழுகிறது என்று பார்த்த பிறகுதான் அவரிடம் பேச வேண்டும்.

பணம் எப்போது கொடுப்பது? ஆஃப்காம் வாங்குபவர் பெயரில் புதிய உரிமம் வழங்கும்போதுதான் கைமாற்றம் சட்டப்படி நடக்கிறது. விதிப்படி நடக்காத கைமாற்றம் செல்லாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே இரண்டு கம்பெனி வக்கீல்கள் கையெழுத்துப் போட்டு கேக் வெட்டினாலும் எதுவும் நடந்ததாக ஆகாது. முன்பணம் எஸ்க்ரோவில், அதாவது கைமாற்றம் முடியும்வரை மூன்றாவது ஆள் பொறுப்பில், இருக்கட்டும். ஆண்டுக் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் பாருங்கள். பிரிட்டனில் ராணுவமும் தன் அலைக்கற்றைக்குக் கட்டணம் கட்டுகிறது, சும்மா வைத்திருந்தால் செலவு உறைக்கட்டும் என்பதற்காக.

சரி, இவ்வளவு விதி இருந்தும் பெரிய துண்டுகள் எப்படிக் கைமாறின? 2005-இல் பொருளாதார அறிஞர் மார்ட்டின் கேவ் அரசுத் துறைகள் வைத்திருக்கும் அலைக்கற்றையைத் தணிக்கை செய்து, தேவையில்லாததை விடச் சொன்னார். 2010-இல் அரசு, 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே 500 மெகாஹெர்ட்ஸை 2020-க்குள் விடுவிப்போம் என்றது. கடைசியில் 2018 ஏப்ரலில் 2.3 கிகாஹெர்ட்ஸில் 40 மெகாஹெர்ட்ஸ், 3.4-இல் 150 மெகாஹெர்ட்ஸ் ஏலம் போனது. மொத்தம் சுமார் 136 கோடி பவுண்டு. ஏலம் நடத்தியது ராணுவம் இல்லை, ஆஃப்காம். ஆகவே பெரிய துண்டுக்கு ஆசைப்படும் வாடிக்கையாளரிடம், பேரம் பேசப் போகாமல் ஏலத்துக்குத் தயாராகச் சொல்லுங்கள் என்பது என் கட்சி.

ராணுவம் வைத்திருப்பது எல்லாமே யாரோ வாங்கத் துடிக்கும் சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி போகும் வழிப்பக்கம், விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேச மிகத் தாழ்ந்த அலைவரிசை, 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ். உயரமான கோபுரங்கள் இல்லாமல் நடக்காது. எந்த மொபைல் கம்பெனிக்கும் அது வேண்டாம்.

நம் நாட்டில்? ரயிலில் கேட்பவர்களிடம் ஒரே வார்த்தையில் ‘இல்லை’ என்று சொல்லிவிடுவேன். 2015 அக்டோபரில் வந்த அலைக்கற்றை வர்த்தக வழிகாட்டுதல்கள் மொபைல் சேவை நிறுவனங்கள் தங்களுக்குள் விற்பதற்கானவை. வாங்கி இரண்டு வருஷம் கழிந்திருக்க வேண்டும், 45 நாள் முன்பே இருவரும் சேர்ந்து தெரிவிக்க வேண்டும், பரிமாற்றத் தொகை அல்லது அரசு வகுத்த சந்தை விலை, எது அதிகமோ அதில் ஒரு சதவீதம் கட்டணம். அந்தப் பட்டியலில் ராணுவம் இல்லை. வட்டத்தை, அதாவது அலைக்கற்றை உரிமம் தரப்படும் சேவைப் பகுதியை, துண்டாக்கவும் முடியாது. களியக்காவிளை வரைக்கும் தமிழ்நாடு வட்டம், அதைத் தாண்டினால் கேரளா. ‘குமரி மாவட்டத்துக்கு மட்டும் கொடுங்க’ என்று யாரும் கேட்க முடியாது.

இங்கே ராணுவத்திடம் இருப்பது இடமாற்றிக் கொள்வதாலும், காலி செய்து கொடுப்பதாலும் வெளியே வரும். 2015 ஜனவரியில் 2100 மெகாஹெர்ட்ஸில் 15 மெகாஹெர்ட்ஸை விட்டுக்கொடுத்து, 1900-இல் அதே அளவை ராணுவம் பெற்றுக்கொள்ள அமைச்சரவை ஒப்புக்கொண்டது. காலி செய்ததற்கு ஈடாக ராணுவத்துக்கென்றே தனி கண்ணாடி இழை வலையமைப்பை பி.எஸ்.என்.எல். போட்டுக் கொடுக்கும் திட்டமும் உண்டு. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாப்பு இருப்பதால், அதற்கான ஒதுக்கீடு ஏலம் இல்லாமல் நிர்வாக வழியிலேயே தொடரும். ஆகவே இந்திய வாடிக்கையாளர் கேட்டால் அவருக்கு விலைப்பட்டியல் தயாரிக்க வேண்டாம். எந்த அலைவரிசை காலியாகப் போகிறது, அது ஏலத்துக்கு வருமா என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள், போதும்.