வேலைக்குச் செல்ல வரியில்லாச் சைக்கிள்: பிரிட்டனில் எவ்வளவு விலை வரை வாங்கலாம்?

பிரிட்டனில் வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில், ஊழியர் சலுகைகளைப் பற்றி நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சலில் 'சைக்கிள் டு வொர்க்' என்ற பெயரைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வருமான வரி பிடிப்பதற்கு முன்பே சைக்கிளுக்கான தொகையைச் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு 1999ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வழி செய்தது. இதைப் பற்றி முன்பே வந்து குடியேறியவர்களிடம் விசாரித்தால், "ஆயிரம் பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். இப்போது அது எல்லோருக்கும் பொருந்தாது. அதற்காக, எவ்வளவு விலையிலும் வாங்கலாம் என்று நினைத்துக் கடைக்குள் நுழைவதும் சரியாகாது. உங்களுக்குரிய வரம்பை உங்கள் மணி ஊதியம், நிறுவனத்தின் விதி, வாடகைக்காலம் முடிந்ததும் கட்ட வேண்டிய தொகை ஆகியவற்றைக் கணக்கிட்டே அறிய முடியும்.

இத்திட்டத்தில் சைக்கிளை நீங்கள் வாங்குவதில்லை. நிறுவனமோ, நிறுவனத்தின் சார்பில் சைக்கிள்ஸ்கீம் போன்ற ஒரு இடைநிலை அமைப்போ அதை வாங்கி, பெரும்பாலும் 12 மாதங்களுக்கு உங்களுக்கு வாடகைக்குத் தருகிறது; அதற்கு ஈடாக மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். விட்டுக்கொடுத்த பகுதிக்கு வருமான வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸ் என்னும் சமூகக் காப்பீட்டுப் பங்களிப்பும் பிடிக்கப்படுவதில்லை. சைக்கிளை முதன்மையாக, அதாவது பாதிக்கு மேற்பட்ட பயன்பாட்டில், வேலைக்குப் போய்வருவதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை ஓட்டிச் செல்வதும் இதில் சேரும். எத்தனை மைல் ஓட்டினீர்கள் என்று குறிப்பேடு எழுதி வைக்க வேண்டியதில்லை; வார இறுதியில் பூங்காவுக்கு எடுத்துச் செல்வதற்கும் தடையில்லை.

அந்த ஆயிரம் பவுண்டு வரம்பு வரிச் சட்டத்திலிருந்து வந்ததன்று. பொருளைக் கொடுத்துவிட்டு அதற்கான பணத்தைத் தவணையில் பெறுவது நுகர்வோர் கடன் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுவதால், அதற்கென உரிமம் பெறாத நிறுவனங்கள் வாட் வரி உட்பட 1,000 பவுண்டு வரைதான் ஒப்பந்தம் செய்ய அனுமதிக்கப்பட்டன. 2019 ஜூனில் போக்குவரத்துத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல், எஃப்.சி.ஏ. என்னும் நிதிக் கண்காணிப்பு அமைப்பின் அங்கீகாரம் பெற்றவர்கள் வழியாக நடத்தினால் அதற்கு மேலும் போகலாம் என்று தெளிவுபடுத்தியது. மின்சார சைக்கிள், சரக்குச் சைக்கிள், கைகளால் இயக்கும் சைக்கிள் ஆகியவை இதனால் எட்டக்கூடியவையாயின. ஆயினும் தன் ஊழியர்களுக்கு எவ்வளவு வரை அனுமதிப்பது என்ற முடிவு அந்தந்த நிறுவனத்திடமே விடப்பட்டுள்ளது. நண்பர் வேலை செய்யும் மருத்துவமனையில் 3,000 பவுண்டு வரை அனுமதி இருந்தாலும், உங்கள் நிறுவனம் 1,000 பவுண்டிலேயே நிற்கலாம். ஆகையால் கடையைத் தேடும் முன் எச்.ஆர். பிரிவில் உள்ள திட்ட விதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

நிறுவனம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் மீற முடியாத தடை ஒன்று உண்டு. சம்பளத்தை விட்டுக்கொடுத்த பிறகு எஞ்சும் தொகை, தேசியக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2026 ஏப்ரல் முதல் அது மணிக்கு 12.71 பவுண்டு. வாரம் 37.5 மணி நேரம், மணிக்கு 13 பவுண்டு ஊதியத்தில் ஒருவர் வேலை செய்வதாகக் கொள்வோம். அவருடைய மாதச் சம்பளம் ஏறத்தாழ 2,112 பவுண்டு. சட்டப்படி அவருக்குக் கட்டாயம் கிடைக்க வேண்டியது 2,065 பவுண்டு. ஆக, மாதம் 47 பவுண்டுக்கு மேல் அவரால் விட்டுக்கொடுக்க முடியாது. ஓராண்டுக்கு அது 565 பவுண்டு அளவில் நின்றுவிடும். ஓய்வூதியத்துக்கான பங்கையும் இதே முறையில் சம்பளத்திலிருந்து விட்டுக்கொடுப்பவராயின் அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். பெட்ரோல் நிலையத்திலும் கடையிலும் முதியோர் இல்லத்திலும் குறைந்தபட்ச ஊதியத்துக்கே வேலை செய்யும் நம்மவர்களுக்கு இத்திட்டம் திறப்பதே இல்லை. பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்த வேண்டிய தேவை மிகுதியாக உள்ளவர்களை இந்தச் சலுகை வெளியே நிறுத்துவது பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். அத்தகையவர்கள் மனம் தளர வேண்டாம். பழுதுபார்த்து விற்கும் தொண்டு அமைப்புகளிடம் நல்ல நிலையிலுள்ள பழைய சைக்கிள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். தனியாரிடம் வாங்குவதானால், காவல்துறை பயன்படுத்தும் பைக்ரெஜிஸ்டர் தளத்தில் சைக்கிளின் சட்டக (ஃபிரேம்) எண்ணைக் கொடுத்து, அது திருடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு மிச்சமாகும் என்பதை 1,200 பவுண்டு சைக்கிளை வைத்துப் பார்க்கலாம். 12 மாதங்களுக்கு மாதம் 100 பவுண்டு விட்டுக்கொடுத்தால், 20 விழுக்காடு வருமான வரியும் 8 விழுக்காடு நேஷனல் இன்ஷூரன்ஸும் கட்டுபவருக்கு மொத்தம் 336 பவுண்டு குறையும். கையிலிருந்து போவது 864 பவுண்டு. ஆண்டு வருமானம் 50,270 பவுண்டுக்கு மேற்பட்டு 40 விழுக்காடு வரி கட்டுபவருக்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் 2 விழுக்காடு மட்டுமே என்பதால், அவருக்குக் குறைவது 504 பவுண்டு. ஸ்காட்லாந்தில் வருமான வரி விகிதங்கள் வேறு. அங்கிருப்பவர்கள் தங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கணக்கிட வேண்டும்.

விளம்பரங்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. 12 மாத வாடகை முடிந்த பிறகும் சைக்கிள் உங்களுடையதாகிவிடுவதில்லை. அதைச் சொந்தமாக்கிக்கொள்ள, அதன் அன்றைய சந்தை மதிப்பைக் கட்ட வேண்டும். குறைத்துக் கட்டினால், அந்த வித்தியாசத்துக்கு வரி வரும். அந்த மதிப்புக்கு வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. 500 பவுண்டும் அதற்கு மேலும் விலையுள்ள சைக்கிளுக்கு ஓராண்டு முடிவில், முதலில் வாங்கிய விலையில் 25 விழுக்காடு, ஈராண்டு முடிவில் 17 விழுக்காடு, நான்காண்டு முடிவில் 7 விழுக்காடு. 500 பவுண்டுக்குக் குறைவானதற்கு முறையே 18, 13, 3 விழுக்காடு. மேலே சொன்ன 1,200 பவுண்டு சைக்கிளை ஓராண்டு முடிந்ததும் சொந்தமாக்க விரும்பினால் 300 பவுண்டு கட்ட வேண்டும். அடிப்படை விகிதத்தில் வரி கட்டுபவர் மிச்சம் பிடித்த 336 பவுண்டில் எஞ்சுவது வெறும் 36 பவுண்டு. இதைத் தவிர்க்கவே பெரும்பாலான இடைநிலை அமைப்புகள் 7 விழுக்காட்டை, அதாவது 84 பவுண்டை, முன்பணமாகப் பெற்றுக்கொண்டு, மேலும் மூன்றாண்டு மாத வாடகை இல்லாமல் பயன்படுத்தும் வாய்ப்பைத் தருகின்றன. நான்காம் ஆண்டின் முடிவில் அந்த முன்பணமே விலையாகிவிடும். அப்போது உண்மையான மிச்சம் 252 பவுண்டு. ஆகவே ஒப்பந்தத்தில் நீங்கள் முதலில் தேட வேண்டியது இந்த நீட்டிப்பு வாய்ப்பு உண்டா என்பதைத்தான்.

அந்த 252 பவுண்டு, விலையில் 21 விழுக்காடு. பருவ முடிவில் பல கடைகள் சென்ற ஆண்டு மாடல்களை அதைவிடக் கூடுதலான தள்ளுபடியில் விற்கின்றன. சில கடைகள், இடைநிலை அமைப்புக்குத் தரகு கொடுக்க வேண்டியிருப்பதால், இத்திட்டத்தில் சைக்கிள் வாங்கத் தரப்படும் வவுச்சரைத் தள்ளுபடி விலைக்கு ஏற்பதில்லை. 20 விழுக்காடு வரி கட்டுபவர் கையில் பணம் இருந்தால், இரு விலைகளையும் அருகருகே எழுதிப் பார்த்த பின்பே கையெழுத்திட வேண்டும்.

வவுச்சரின் முழுத் தொகையையும் சைக்கிளுக்கே செலவிட்டுவிடாதீர்கள். தலைக்கவசம், விளக்குகள், பூட்டு, மணி, மட்கார்ட், பின்புறக் கேரியரும் பைகளும், குழந்தை இருக்கை, காற்றுப் பம்பு, ஒளிரும் உடை ஆகியவையும் இச்சலுகைக்குள் அடங்கும். தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் சூரியன் மறைந்த பின் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இல்லாமல் ஓட்டுவது குற்றம். மழைக்கும் நான்கு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர் மாலைகளுக்கும் பழகாத நமக்கு, விலை உயர்ந்த கியரைவிட நல்ல விளக்கும் மட்கார்டும்தான் உதவும். பூட்டில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பூட்டுகளைச் சோதித்துச் சான்றளிக்கும் சோல்ட் செக்யூர் அமைப்பின் கோல்டு அல்லது டைமண்ட் தரச்சான்று பெற்றதையே கேட்டு வாங்குங்கள்.

மின்சார சைக்கிளுக்கும் இச்சலுகை உண்டு. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள் இருந்து, மணிக்கு 15.5 மைல் வேகத்தில் அதன் உதவி நின்றுவிட வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும், மிதிக்காமலே சீறிப் பாயும் வண்டிகளைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே கருதுகிறது. பதிவும் காப்பீடும் ஓட்டுநர் உரிமமும் இல்லாமல் அவற்றை ஓட்டினால் காவலர்கள் பறிமுதல் செய்வார்கள். விசாவில் இருப்பவர் அப்படி ஒரு வழக்கில் சிக்கிக்கொள்ளவே கூடாது. லண்டனில் ரயிலும் சைக்கிளும் மாறிமாறிப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மடிக்க முடியாத மின்சார சைக்கிள்களை 2025 மார்ச் 31 முதல் லண்டன் போக்குவரத்து அமைப்பின் பெரும்பாலான ரயில் சேவைகளில் ஏற்றுவதில்லை. ஹாரோவிலிருந்தோ ஈஸ்ட் ஹாமிலிருந்தோ நகருக்குள் போய்வருபவருக்கு மடக்குச் சைக்கிளே ஏற்றது.

வாடகைக்காலத்தில் சைக்கிள் திருடு போனாலும் மாதத் தவணை நிற்காது. பலர் சேர்ந்து வாழும் வாடகை வீட்டின் முன்புறத்தில் வேலியோடு கட்டி வைக்க வேண்டிய நிலை என்றால், காப்பீட்டுச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பொருள் காப்பீடு வைத்திருப்பவர்கள், சைக்கிளுக்கு அதில் தனி வரம்பு இருக்கிறதா, வீட்டுக்கு வெளியே நடக்கும் திருட்டுக்கும் அது பொருந்துமா என்று கேட்டறிய வேண்டும்.

சுயதொழில் செய்பவர்களும் தனி ஒப்பந்தத்தில் உணவு விநியோகம் செய்பவர்களும் இத்திட்டத்தில் சேர முடியாது. விட்டுக்கொடுப்பதற்கு மாதச் சம்பளம் வேண்டும். சம்பளத்தை விட்டுக்கொடுத்தால் சம்பளச் சீட்டில் மொத்த ஊதியமே குறைவாகத் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். மகப்பேற்று விடுப்புக்கால ஊதியம் சராசரிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், குழந்தையை எதிர்பார்ப்பவர்கள் அதற்கான கணக்கீட்டுக் காலத்தில் இதில் சேர்ந்தால் இழப்பு ஏற்படலாம். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருந்து, சம்பளம் விசாவுக்கான குறைந்தபட்சத் தொகையை ஒட்டியே இருப்பவர்களும், துணையை அழைத்துவர வருமானச் சான்று காட்ட வேண்டியவர்களும், இந்தக் கழிவு விண்ணப்பத்தைப் பாதிக்காது என்று எச்.ஆர். பிரிவிலிருந்து எழுத்தில் பெற்ற பிறகே முடிவு செய்ய வேண்டும். சில நூறு பவுண்டு மிச்சத்துக்காக விசாவை ஆபத்துக்கு உள்ளாக்கக் கூடாது.

அயர்லாந்துக்குச் செல்பவர்கள் இந்த விதிகளை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். 2009 ஜனவரியில் தொடங்கிய அந்நாட்டின் திட்டத்தில் வரம்பை அரசே நிர்ணயிக்கிறது: சாதாரண சைக்கிளுக்கு 1,250 யூரோ, மின்சார சைக்கிளுக்கு 1,500 யூரோ, சரக்குச் சைக்கிளுக்கு 3,000 யூரோ. நான்காண்டுக்கு ஒருமுறைதான் அதைப் பயன்படுத்த முடியும். சைக்கிளும் புதியதாக இருக்க வேண்டும்.

பிரிட்டனில் வாடகைக்காலம் முடியும் முன் வேலை மாறினால், பாக்கித் தொகையை வழக்கமாகக் கடைசிச் சம்பளத்தில், வரி பிடித்த பிறகு, ஒரே தவணையாகக் கழித்துக்கொள்வார்கள். அந்தப் பகுதிக்கு வரிச் சலுகை கிடைக்காது. ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள் புதிய வேலையில் சேர்ந்த பிறகே விண்ணப்பிப்பது நல்லது. நீட்டிப்புக் காலத்தில் வேலை மாறினாலும் சைக்கிள் உங்களிடமே இருக்கும், ஆனால் நான்காம் ஆண்டு முடியும் வரை அது இடைநிலை அமைப்புக்கே சொந்தம். அவர்களோடு உங்களுக்குள்ள தொடர்பு பெரும்பாலும் மின்னஞ்சல் மட்டுமே என்பதால், அலுவலக மின்னஞ்சல் முகவரிக்குப் பதிலாகச் சொந்த முகவரியைப் பதிவு செய்யுங்கள். இடையில் ஊருக்குத் திரும்ப நேர்ந்தால், விற்பதற்கோ நண்பருக்குக் கொடுப்பதற்கோ முன்பு அவர்களுக்கு எழுதி, அட்டவணைப்படி அன்றைய மதிப்புக்கும் கொடுத்த முன்பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டிச் சைக்கிளை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.