கல்லூரியில் கல்விச் சாதனை மன்றம் தொடங்குவது எப்படி?

தமிழ் மன்றம் இல்லாத கல்லூரி தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்காது. நன்றாகப் படிப்பவர்களுக்கென்று ஒரு மன்றம்? அதைப் பார்ப்பது அரிது. அமெரிக்காவில் இது பழைய வழக்கம். 1776 டிசம்பர் 5 அன்று வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா இன்றும் நடக்கிறது. அதில் விண்ணப்பம் போட்டுச் சேர முடியாது, மன்றம்தான் அழைக்கும். நாமும் அப்படியே செய்யலாம்.

1. முதலில் ஒரே ஒரு துறையில் தொடங்குங்கள். பொறுப்பாசிரியராக இருக்கச் சம்மதிக்கும் ஒருவரைப் பிடித்து, துறைத்தலைவர் வழியாக முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்.

2. அடுத்தது தேர்வு விதி. அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இதுதான். 1904-ல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஈட்டா கப்பா நூ என்ற மின்பொறியியல் மாணவர் மன்றம், மூன்றாம் ஆண்டில் வகுப்பின் முதல் கால் பங்கையும், நான்காம் ஆண்டில் முதல் மூன்றில் ஒரு பங்கையும் எடுத்துக்கொள்கிறது. அங்கே பட்டப்படிப்பு நான்கு ஆண்டு, நம் பி.எஸ்சி. மூன்று ஆண்டுதான். அதனால் நம் வகுப்பில் 60 பேர் என்றால் இரண்டாம் ஆண்டில் 15 பேர், இறுதியாண்டில் 20 பேர். ‘80 சதவீதத்துக்கு மேல்’ என்று கோடு போடாதீர்கள். வினாத்தாள் கடினமாக வந்த ஆண்டில் ஒருவர்கூடத் தேறமாட்டார்.

அப்புறம் அரியர். எழுதித் தேறிவிட்ட அரியரைக் கணக்கில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த பிள்ளை முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் எழுதித் தடுமாறுவது இயல்பு. அதிலிருந்து எழுந்து வந்தவரைத்தான் முதலில் பாராட்ட வேண்டும்.

3. சேர்க்கைக் கட்டணம் வேண்டாம். சான்றிதழ் அச்சிடும் செலவைத் துறையிடம் கேளுங்கள்.

4. அழைப்புக் கடிதத்தைப் பெற்றோர் பெயருக்கும் அனுப்புங்கள். கூலி வேலைக்குப் பெங்களூரு போயிருக்கும் அப்பா, அம்மா வர வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்பே தேதி தெரிய வேண்டும். விழாவை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். பென்னாகரம், அரூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பார்கள்.

5. சரி, விழா முடிந்தது. மறுவாரமே வேலை தொடங்கட்டும். துறையில் எந்தப் பாடத்தில் அரியர் அதிகம் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அந்தப் பாடத்தின் பழைய வினாத்தாள்களை எடுத்துக்கொண்டு, உறுப்பினர் ஒருவருக்கு ஜூனியர் மூன்று பேர் என்று பிரித்து, வாரம் இரண்டு மணி நேரம் உட்காருங்கள்.